சுரங்கத்தில் புதைந்தவன்

அன்புள்ள அம்மா,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே டகோட்டாவில் பனி கொட்டுவதால் எண்ணெய்க் கிணற்றில் இன்று வேலை இல்லை.

அறைத்தோழன் பர்ட் ஒரு தடித்த புத்தகம் கொடுத்தான். நானும் தம்பி லோவெலும் சின்ன வயதில் படித்த சூப்பர் ஹீரோ காமிக்ஸ் இதழ்களை ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். ஹீரோ சுரங்கத்தில் புதைந்துபோன இதழுக்கு அடுத்தது எங்களுக்குக் கிடைக்கவே இல்லை, ஞாபகமிருக்கிறதா? அவன் எப்படித் தப்பித்தான் என்று லோவெல் தினம் ஒரு கதை கட்டுவான். இதில் பக்கத்தைத் திருப்பியதும் விடை வந்துவிட்டது. நண்பன் ஒருவன் தோண்டி எடுக்கிறான், அவ்வளவுதான். படித்தேன். ஒன்றுமே தோன்றவில்லை.

"என் தம்பி சொன்ன கதையே இதைவிட நல்லா இருந்துச்சு," என்றேன்.

"அப்போ அவனுக்கு போன் போட்டுச் சொல்லுடா," என்றான் பர்ட்.

"சரி, ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

லோவெல் இறந்துபோனதை இங்கே யாரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை, அம்மா.

அவனுடைய கம்பளிக் காலுறைகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள், அளவு சரியாக இருக்கும். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகன்
எமெட்