நான் வாசிக்காத ஏழாவது பாட்டு

அன்பு மாப்ளே டேனியல்,

நம் கடைசி கேசட்டை நேற்றுதான் முழுதாகக் கேட்டேன். அது வெளிவந்து மூன்று வருஷம். நீ போய் நான்கு மாதம். இத்தனை நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தவன், அதில் டிரம்ஸ் வாசித்த நானேதான் என்று யாரிடம் சொல்ல?

தொண்ணூற்றேழில் கல்லூரி முடித்த கையோடு நாலு பேர் சேர்ந்து ராக் குழு தொடங்கினோம். லாரி ஹாரனையும் போர்வெல் போடுகிற சத்தத்தையும் பதிவு செய்து, அதன்மேல் உன் கிட்டார். தப்பித்தவறி ஒரு மெட்டு வந்துவிட்டால் உடனே உடைத்துவிடுவோம். இரண்டு கேசட் போட்டோம். நம் வீட்டார்கூட முழுதாகக் கேட்டதில்லை. எனக்கு அதிலே என்ன பெருமை!

அப்புறம் மலைமேல் வளப்பூர் நாட்டு மாட்டாஸ்பத்திரியில் உனக்கு வேலை கிடைத்தது. ஊசி போட மாட்டை ஓட்டி வந்த ஓர் அம்மா நம் பாட்டைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க சார், டேப்பு சிக்கிக்கிச்சுங்களா?" என்றாராம். நீ சொன்னதும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"மாட்டப் புடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் நின்னு கேட்டுச்சுடா அந்தம்மா. நாமதான் அதுக்கு ஒண்ணுமே குடுக்கல."

அடுத்த கேசட்டை உன் குவார்ட்டர்ஸிலேயே பதிவு செய்தோம். எல்லாம் யாரும் முணுமுணுக்கக்கூடிய பாட்டுகள். ஆறு பாட்டுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். ஏழாவது, உன் மகளைத் தூங்கவைக்க நீ பாடுவது.

"தாலாட்டுக்கெல்லாம் நான் அடிக்க மாட்டேன். உனக்குக் கைதட்டு வேணும்னா நேரா சொல்லிப்போடு."

நீ கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தாய். நான் மதிய பஸ்ஸில் கீழே இறங்கிவிட்டேன். குழுவும் அதோடு சரி.

அதற்குப் பிறகும் பொங்கலுக்கு நீ வந்தாய், கிறிஸ்துமஸுக்கு நான் மலையேறினேன். கறி தின்றோம், கதை பேசினோம். அந்த கேசட்டைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. மஞ்சள் காமாலை இவ்வளவு சீக்கிரம் உன்னைக் கொண்டுபோகும் என்று தெரிந்திருந்தால் பேசியிருப்பேனா? தெரியவில்லை மாப்ளே.

நேற்று உன் மனைவி மேரியைப் பார்க்க வந்தேன். டிரைவரிடம் நீ கொடுத்துவைத்திருந்த கேசட்டை அவர் பஸ்ஸில் போட்டார். பலாப்பழங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெண்கள் மூன்றாவது பாட்டைக் கூடவே பாடினார்கள். வேண்டாவெறுப்பாக வாசித்ததுதான், ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.

மீதியை உன் வீட்டில் கேட்டேன். ஏழாவதில் கிட்டாரும் உன் குரலும் மட்டும். நடுவே பாட்டை நிறுத்திவிடுகிறாய். எட்டுச் சுற்றுக்கு உன் கால் தரையில் தாளம் தட்டுவது மட்டும் கேட்கிறது.

"வேற ஆள வெச்சு அடிச்சிருக்கலாமேன்னு கேட்டனுங்கண்ணா," என்றாள் மேரி. "'அது அவனோட எடம், வராமயா போயிருவான்'னு சொல்லிட்டாருங்க."

நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறையில் போய் நின்றேன்.

வருகிற ஞாயிறு உங்கள் சர்ச் ஹாலில் நம் குழுவின் மற்ற இரண்டு பேரும் கூடுகிறார்கள். உன் மகள் பாடுவாள். ஐந்து வயதுதான், சுருதி உன்னைவிடச் சுத்தம். அந்த எட்டுச் சுற்றையும் நான் வாசிக்கிறேன் மாப்ளே. மெதுவாக, பிள்ளை மிரளாதபடி.

உன் மகளுக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றும் மச்சான்,
கந்தசாமி