நாலு விரல் தூரம்

மார்ச் 3

ஸ்டுடியோ முதலாளி அவர்களுக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால் கடிதம்.

ஆறு ஊரில் முதல் ஊருக்கு வந்து சேர்ந்தாயிற்று. பதினொரு மணியிலிருந்து மரச்சாமான் கண்காட்சியில் ஒலிபெருக்கி வழியாக சோபாவின் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்கிறேன். அதற்கு முன், காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, விடுதி அறையில் ஒலிப்புத்தகம். நாற்பத்திரண்டு அத்தியாய நாவல். முதல் மூன்றையும் இந்த மாதம் இருபதுக்குள் கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாவல் என் போட்டிக்காரி, அந்தத் தேன்குரலாளுக்குப் போய்விடும். அவள் "வணக்கம்" என்றாலே எனக்குச் சர்க்கரை ஏறும்.

கிளம்பும்போது வாசலில் நின்று என்ன சொன்னீர்கள்? "இருபது வருஷமா ஜனங்க கேட்டது உன் குரலை இல்ல, என் ரூமை." இருக்கட்டும். உங்கள் ரூம் இல்லாமலே நாற்பத்திரண்டையும் படித்துக் காட்டுகிறேன்.

மைக் வாங்கிவிட்டேன். கைப்பைக்குள் அடங்கும், லேப்டாப்பில் சொருகினால் போதும். "ஸ்டுடியோவே தோத்துடும் மேடம்" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கினேன். விடுதியின் இணையம் நகர்வதாக இல்லை, ஆகவே முதல் அத்தியாயம் மெமரி கார்டில் வருகிறது. கேட்டுவிட்டுக் குறை சொல்லுங்கள். கை மட்டும் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
வாயாடி

மார்ச் 7

வாயாடிக்கு,

கேட்டேன். கதாநாயகி அழும் இடத்தில் பக்கத்து அறைக்காரர் வாய் கொப்பளிக்கிறார். இரண்டு தடவை. காதலன் வரும்போது கூடவே ஒரு லாரியும் வருகிறது. படிக்கத் தொடங்கும் முன் வெறும் அறையின் மௌனத்தை முப்பது வினாடி பதிவு செய்வது நம் வழக்கம், மறக்காமல் செய்திருக்கிறாய். அந்த மௌனத்தில் மட்டும் எட்டு சத்தம் எண்ணினேன்.

நீ வாங்கியிருப்பது கண்டென்சர் மைக். ஊரில் நடப்பதெல்லாம் அதன் காதில் விழும். பூட்டிய ரூமுக்கு அது தங்கம், விடுதிக்கு வம்பு. மேடையில் பாடுகிறவர்கள் கையில் பிடிப்பார்களே, அந்த டைனமிக் மைக் வாங்கு. வாய்க்கு நாலு விரல் தூரத்தில் வைத்துப் படி. அதற்கு அப்பால் நடப்பதை அது கண்டுகொள்ளாது.

காது

மார்ச் 11

காது அவர்களுக்கு,

நீங்கள் சொன்னதை உடனே கேட்டால் நான் நானா? காலரில் குத்தும் மைக் வாங்கினேன். பொத்தான் அளவு, பயணத்துக்கு அதைவிட வசதி கிடையாது. போட்டுக் கேட்டால் புடவைத் தலைப்பு உரசுகிற சத்தத்தில் புயலே அடிக்கிறது. போதாததற்கு, வில்லனைவிட என் வயிறு நன்றாக உறுமியிருக்கிறது. சாப்பிடாமல் உட்கார்ந்தது தப்பு.

கடைசியில் நீங்கள் சொன்னதைத்தான் வாங்கினேன். சிரிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பதை மட்டும் கேட்கும் மைக்! நம் வீட்டில் ஒருவர் அதற்கு நேர் எதிர். இரண்டு ரூம் தள்ளி மின்விசிறி முனகினால் எழுந்து ஓடுவார், பக்கத்தில் உட்கார்ந்து பெண்டாட்டி பேசுவது மட்டும் காதில் விழாது.

மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி, தலைக்கு மேல் போர்வை போர்த்திக்கொண்டு படித்தேன். அறை சுத்தம் செய்யும் அம்மா கதவைத் திறந்து, "யாருகிட்டம்மா பேசறீங்க?" என்றார்.

"புத்தகத்துகிட்ட."

"ஐயோ பாவம், வீட்ல யாருமில்லையா?"

என்ன சொல்வது? இருக்கிறார் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

மூன்று அத்தியாயமும் இந்தக் கார்டில் இருக்கின்றன. கம்பெனி உங்கள் தெருமுனையில்தானே, நேரில் கொடுத்துவிடுங்கள். இருப்பது இருக்கிறபடியே போகவேண்டும். ஒரு வினாடியைக்கூடத் தேய்த்து மெருகேற்றக் கூடாது.

வாயாடி

மார்ச் 15

வாயாடிக்கு,

கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் கேட்டேன், அதை மறைக்கவில்லை. இரண்டாம் அத்தியாயம் ஒன்பதாவது நிமிடத்தில் உன் சுத்தம் செய்யும் அம்மா கதவைப் படாரென்று சாத்துகிறார். எடுத்துப்போட எனக்கு இரண்டு நிமிட வேலை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொடவில்லை.

ஒன்றும் மூன்றும் தேறின. இரண்டைத் திருப்பிவிட்டார்கள். காரணம், கதவு. இருபதாம் தேதியில் மாற்றமில்லையாம். ஐந்து நாள்தான் இருக்கிறது.

திட்டு. காத்திருக்கிறேன்.

காது

மார்ச் 17

காது அவர்களுக்கு,

திட்டினேன். அறை அதிர உரக்கத் திட்டினேன். இரண்டு நிமிட வேலையாம், மனுஷன் சும்மா உட்கார்ந்திருந்தாராம்! சுத்தம் செய்யும் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னிக்குப் புத்தகம் ரொம்பக் கோவமா இருக்கே" என்றார்.

அப்புறம் குளித்துவிட்டு வந்து உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். நான் தொடாதீர்கள் என்று சொன்ன ஒன்றை நீங்கள் தொடாமல் விட்டது இந்த இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை. என் காப்பியில் சர்க்கரையை நீங்கள் கலக்குவீர்கள். என் வாக்கியத்தை நீங்கள் முடிப்பீர்கள். என் பெருமூச்சைக்கூட "இது நீளம்" என்று வெட்டியவர் நீங்கள்.

இரண்டாம் அத்தியாயத்தை முதலிலிருந்து படித்துவிட்டேன். அந்த அம்மாவே வாளியோடு வாசலில் காவல் நின்று, போகிற வருகிறவர்களை எல்லாம் "ஷ்ஷ்" என்று அடக்கினார். என்ன, அந்த "ஷ்ஷ்" ஒன்று பதிவாகி, ஒரு பக்கத்தை மறுபடி படிக்கவேண்டியதாயிற்று. இன்றே கூரியரில் அனுப்புகிறேன். இதையும் தொடாதீர்கள்.

வாயாடி

மார்ச் 20

வாயாடிக்கு,

தேறிவிட்டது. நாவல் உனக்குத்தான். "எந்த ஸ்டுடியோ சார், சுத்தமா இருக்கே?" என்று கேட்டார்கள். "மெத்தை" என்றேன். அப்படி ஒரு ஸ்டுடியோ இருக்கிறது என்று நம்பி எழுதிக்கொண்டார்கள்.

வாசலில் நான் சொன்னது தப்பு. ரூம் இங்கேதான் இருக்கிறது. குரல் அங்கே இருக்கிறது.

ஒரு கார்டு அனுப்புகிறேன். யாரும் இல்லாதபோது எடுத்தது, நம் ரூமின் மௌனம், முப்பது வினாடி. ஒரு சத்தம் கிடையாது. இவ்வளவு சுத்தமாக நான் எடுத்ததே இல்லை. கேட்கத்தான் முடியவில்லை.

எப்போது வருகிறாய்?

காது

மார்ச் 24

காது அவர்களுக்கு,

கார்டைக் கேட்டேன். பத்தொன்பதாவது வினாடியில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார். யாரும் இல்லாதபோது எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நிராகரிக்கிறேன்.

இன்னும் முப்பத்தொன்பது அத்தியாயம் பாக்கி. ஐந்து ஊர் பாக்கி. முடிக்காமல் திரும்ப மாட்டேன், இதில் மாற்றமில்லை. அடுத்த ஊர் விடுதியின் முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே வாளியோடு காவல் நிற்க ஆள் கிடைப்பாரா என்று தெரியவில்லை.

வருவதானால் மைக் எதுவும் எடுத்து வராதீர்கள். தலையணை இரண்டு போதும். நான் படிக்கும்போது நாலு விரலுக்கு அப்பால் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள். நீங்கள் மூக்கை உறிஞ்சினாலும் மைக்குக்குக் கேட்காது.

எனக்குக் கேட்கும்.

வாயாடி