கோப்பையில் ஏறாத பெயர்

எனக்கு முன்னே போய்விட்ட என் முரளிக்கண்ணுக்கு,

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்து ஆறு மாதமாகிறது. மஞ்சக்குட்டை மைதானத்தில் இந்த வருடக் கால்பந்துப் போட்டியும் முடிந்துவிட்டது. இறுதி ஆட்டத்தில் மூடுபனி இறங்கி கோல் கம்பமே மறைந்துபோனது. அங்கே நிற்பது நீயில்லை என்பதும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் எனக்கு அது போதுமாக இருந்தது.

நம் எஸ்டேட் அணி ஜெயித்த வருடம் நினைவுக்கு வந்தது. எல்லா ஆட்டத்திலும் கோல் காத்தவன் நீ. இறுதி ஆட்டத்தன்று எனக்குக் குடல்வால் வலி. ஆட்டத்தை விட்டுவிட்டு என்னை ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டு ஓடினாய். நான் குணமாகி வந்து, எஸ்டேட் ஆபீசில் உட்கார்ந்து, கோப்பையில் பொறிக்கும் பெயர்ப் பட்டியலை எழுதினேன். இறுதி ஆட்டம் ஆடிய பதினோரு பேர் மட்டும் என்பது கமிட்டி வழக்கம். தம்பி பெயரைச் செருகிவிட்டாள் என்று யாரும் பேசிவிடக் கூடாதே. பதினொன்றோடு நிறுத்திவிட்டேன்.

நீ கோபப்படவில்லை. கொஞ்ச நாள் கழித்து, போனில் ஐஸ் ஹாக்கி பார்த்துக்கொண்டே சொன்னாய்.

“ஏனக்கா, இந்த ஸ்டான்லி கோப்பை மொதல்ல வெறும் வெள்ளிக் கிண்ணமாம். கனடாவுல கவர்னரா இருந்தவரு வாங்கிக் குடுத்தது. பேரு எழுத எடம் பத்தாம, அடியில வளையம் வளையமாச் சேத்து இத்தன ஒசரம் ஆயிருச்சு. கடைசி மேட்ச் ஆடாதவன் பேருகூட இருக்குதக்கா.”

“உனக்குத் தெரிஞ்சது குச்சி ஐஸ்தான், போடா.”

நீயும் சிரித்தாய். அது உன் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்காமல் கேட்டது என்று உன்னை எடுத்துப்போன பிறகுதான் புரிந்தது. வாய்விட்டு ஏன் கேட்கவில்லை, கண்ணு? கேட்டிருந்தால் மட்டும் எழுதியிருப்பேனா?

போன வாரம் கமிட்டித் தலைவரைப் பார்த்து, கோப்பையில் ஒரு பெயர் சேர்க்க வேண்டும் என்றேன்.

“கோப்பையில எடம் ஏதுங்கம்மா?”

“அடியில ஒரு வளையம் சேத்துக்கலாமுங்க.”

“உங்க தம்பி பேருக்காகவா?”

இந்தக் கேள்விக்குத்தானே அன்று பயந்தேன்.

“ஆமாங்க. எந்தம்பி பேருக்காகத்தான்.”

“அவனாட்டம் விட்டுப்போனவங்க இன்னும் இருப்பாங்க. எல்லாத்தையும் எழுதிக் குடுங்க” என்றார்.

அந்தக் கனடாக் கோப்பையில் வளையம் நிறைந்தால், பழையதைக் கழற்றித் தனியே வைத்துவிடுவார்களாம். உன் பெயரும் ஒருநாள் கழன்று போகலாம். போகட்டும். அது ஏறும் நாளிலேயே தடவிப் பார்க்க உன் விரல் இல்லையே.

வளையம் வந்ததும், நீ நின்ற கம்பத்தடிக்குக் கோப்பையை எடுத்து வருவேன். இனி என் கையெழுத்தில் எந்தப் பட்டியலும் பதினொன்றோடு நிற்காது.

நீ சேலத்துக்குக் கொண்டு ஓடிக் காப்பாற்றிய
உன் அக்கா,
செல்வி