படகுக்குள் மேசை

7 நவம்பர் 1996, வியாழன்

இன்று எனக்கு வேலை கிடைத்தது. ஊரில் ஆசிரியனாக இருந்த எனக்கு, கனடாவுக்கு வந்து ஏழு ஆண்டுகளில், என் படிப்புக்கு ஏற்ற முதல் வேலை. அதற்குச் சிறைக்கு வரவேண்டியிருந்தது.

இங்குள்ள சமூக சேவகி பேர்ணடெற் கூப்பிட்டு அனுப்பினாள். நியூஃபவுண்ட்லாந்துக்காரி, எல்லாரையும் 'என் அன்பே' என்றுதான் அழைப்பாள், ஆயுதக் கொள்ளையர்களையும். வியாழக்கிழமைகளில் ஒரு குழு நடத்துகிறாள். போரையும் கொலையையும் கண்ணால் கண்டு, அந்தப் பயம் விட்டுப்போகாமல், கடைசியில் இங்கே வந்து சேர்ந்த கைதிகள் வட்டமாக இருந்து பேசும் குழு. அதில் சேரும்படி இரண்டு மாதமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு நோய் எதுவும் இல்லை, சத்தம் தொடர்பாக ஒரு முறைப்பாடு மட்டுமே உண்டு என்று மரியாதையாக மறுத்து வந்தேன்.

இன்று வேறு விதமாகக் கேட்டாள். புதிதாக வந்திருக்கும் கடற்றொழிலாளி நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்கு ஆங்கிலம் போதாது. மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் காசை அரசாங்கம் வெட்டிவிட்டது. நான் வருவேனா?

நோயாளியாக அல்ல, உத்தியோகத்தனாக. சம்மதித்தேன்.

9 நவம்பர், சனி

என் மனைவி யூஜினி, எங்கள் வீடு இருக்கும் அஜக்ஸில் இருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிர்கோட்டைக் கழற்றாமல் இருந்தாள்.

"அந்தக் குழுவுக்குப் போறீங்களோ?"

"ஓம். இனி ஒவ்வொரு வியாழனும்."

சத்தியம் பண்ணினாலும் பிழை வராத பதில். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்குத்தான் தெளியவில்லை.

இந்த மே மாதம், விக்டோரியா நாள் கொண்டாட்டத்தன்று, பக்கத்து வீட்டுக்காரர் கார் பார்க்கில் வெடி கொளுத்தினார். நான் யூஜினியையும் மகள் அன்ரனெற்றையும் இழுத்துப்போய்க் குளியல் தொட்டிக்குள் போட்டு, மேலே கிடந்தேன். பிறகு கீழே இறங்கி, அந்த மனிதரை அவருடைய மடக்குக் கதிரையாலேயே அடித்தேன். தாடை எலும்பு, தோள் எலும்பு. பன்னிரண்டு மாதச் சிறை. ஒழுங்காக நடந்தால் ஏப்ரல் கடைசியில் விடுவார்கள்.

"பிள்ளை இப்பவும் தொட்டிக்குள்ளதான் போய்ப் படுக்கிறாள்," என்றாள் யூஜினி. "குப்பை லொறி வந்தாலும் போறாள். கதவு அடிபட்டாலும் போறாள். ஒன்பது வயசு. அவள் ஷெல் சத்தம் கேட்டே வளந்தவள்? உங்களைப் பாத்துப் பழகினவள்."

அந்தத் தொட்டி நல்ல வார்ப்பிரும்பு, பாதுகாப்பானது என்றேன். முன்பென்றால் சிரித்திருப்பாள்.

"எனக்கு உங்களில கோவம் இல்லை. ஆனா இப்பிடியே வாறதெண்டால் வீட்டை வராதையுங்கோ. வேற இடம் பாருங்கோ."

14 நவம்பர், வியாழன்

முதல் நாள் கடமை. கதிரைகள் வட்டமாக. நடுவில் கண் துடைக்கும் கடதாசிப் பெட்டி, பலிபீடம் போல.

பேர்ணடெற் எனக்குத் தொழில் விதி சொல்லித் தந்தாள்: 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, அவராகவே நின்று பேசவேண்டும். பரீட்சை மண்டபத்தில் ஆள்மாறாட்டம் என்று தண்டிக்கப்படும் குற்றம் இங்கே விதியாக இருக்கிறது.

ஒவ்வொருவரும் அந்த வாரத்துப் பயத்துக்குப் பத்துக்குள் ஒரு புள்ளி போடவேண்டும். எனக்கு உத்தியோகத்தர் விலக்கு. அடுத்தது கண்ணை மூடி, மனத்துக்கு அமைதி தரும் ஓர் இடத்தைக் கற்பனை செய்தல். கடற்கரை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், அலைகளின் ஓசையைக் கேளுங்கள் என்றாள். மொழிபெயர்த்தேன். நீக்கிலாப்பிள்ளை அண்ணை ஒரு கண்ணைத் திறந்தார்.

"கடக்கரையோ? மாஸ்டர், அங்கதானே எல்லாம் நடந்தது. இந்த மனிசியிட்டச் சொல்லுங்கோ, வேற ஏதும் ஊர்ப்பக்கம் இருந்தால் காட்டட்டாம்."

சொன்னேன். பேர்ணடெற் சிவந்துபோனாள். எனக்கு அருகில் இருக்கும் ஜமேக்காக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு எல்லாரும் கோப்பிக் கடை ஒன்றைக் கற்பனை செய்தோம்.

12 டிசம்பர், வியாழன்

கோப்பிக் கடையும் சரிவரவில்லை. அண்ணை சிறைக்கு வந்ததே, குடிவெறியில் வேறொருவருடைய வான் வண்டியை ஒரு கோப்பிக் கடையின் கண்ணாடிக்குள் விட்டதற்குத்தான்.

16 ஜனவரி 1997, வியாழன்

என் தொழில் மெருகேறிவிட்டது. அண்ணை 'ம்' என்றால்கூட ஆங்கிலத்தில் நல்ல வசனமாக வருகிறது. குழு என்னை ரசிக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே ரசிக்கிறது. போன கிழமை ஜமேக்காக்காரர் என் தோளைத் தட்டி, உன் படகுக் கதையின் மிச்சம் எப்போது என்று கேட்டார். அது அண்ணையின் படகு, என் படகு அல்ல என்று விளக்கினேன்.

யூஜினி தொலைபேசியில்: "குழுவில கதைக்கிறீங்களோ?" இரண்டு மணித்தியாலம் நிறுத்தாமல் கதைக்கிறேன் என்றேன். அதுவும் சத்தியம்தான்.

13 பெப்ரவரி, வியாழன்

இன்று கடமையில் ஒரு தவறு நடந்தது. அறிக்கையாக எழுதுகிறேன்.

அண்ணை இவ்வளவு நாளும் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு இன்று வந்தார். மீன்பிடிக்கப் போன படகு, அவரும் மைத்துனரும் இன்னும் சிலரும், தூரத்தில் கடற்படையின் வெளிச்சம். துண்டு துண்டாகச் சொன்னார், நானும் துண்டு துண்டாகக் கொடுத்தேன். "பிறகு சத்தம் வந்தது," என்றார். கொடுத்தேன். அதோடு அவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

நான் நிற்கவில்லை.

"எல்லாரையும் மேசைக்குக் கீழே போகச் சொன்னேன்," என்று நல்ல ஆங்கிலத்தில் தொடர்ந்தேன். "அன்று சொல்வதெழுதல். பிள்ளைகள் பயப்படக்கூடாது என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். 'மழை விட்டது. குளம் நிரம்பியது.' இரண்டாவது ஷெல் கூரையில் விழுந்தது. 'கொக்குகள் வந்தன.' புகைக்குள் நின்று கடைசி வசனம்வரை சொல்லி முடித்தேன். முன்வரிசையில் ஒருவரும் எழுதவில்லை."

ஜமேக்காக்காரர்தான் முதலில் வாய் திறந்தார், மிகவும் பணிவாக. "மன்னிக்கவேணும். படகுக்குள் மேசையா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணை தலை நிமிர்ந்தார். 'மேசை' அவருக்கும் விளங்கும் ஆங்கிலம்.

"மாஸ்டர்... நான் அப்பிடிச் சொல்லேல்லையே."

"தெரியும்."

பேர்ணடெற் கதிரையை முன்னுக்கு இழுத்தாள். இப்போது பேசுவது யார், என் அன்பே, என்று கேட்டாள்.

மொழிபெயர்ப்புப் பிழை என்றேன்.

14 பெப்ரவரி

சாப்பாட்டுத் தட்டு ஒன்று நடையில் விழுந்தது. இதைக் கட்டிலுக்குக் கீழே இருந்து எழுதுகிறேன். வெளிச்சம் போதாது.

15 பெப்ரவரி, சனி

ஏன் சொன்னனான்? ஆர் என்னைக் கேட்டது? பத்து வருஷம் ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருந்திட்டு, அந்த மனுசன்ர படகுக்குள்ள கொண்டுபோய்க் கொட்டுறதோ? யூஜினிக்கே சொல்லேல்லை. பள்ளிக்கூடத்தில் ஷெல் விழுந்தது அவளுக்குத் தெரியும். அப்போது நான் பள்ளி அதிபரின் அறையில் இருந்ததாகச் சொல்லியிருந்தேன்.

உத்தியோகத்தை விடுவதாகப் பேர்ணடெற்றுக்கு அறிவித்தேன். உடல்நலக் காரணம். எந்த உடல்நலம் என்று கேட்டாள். தொண்டை என்றேன்.

16 பெப்ரவரி, ஞாயிறு

உலாவும் முற்றத்தில் அண்ணை பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், இலக்கியத் தரமாக. கையால் மறித்தார்.

"என்ர படகுக்குள்ள ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டிப்போட்டியள், மாஸ்டர். பரவாயில்லை. படகு கடலுக்குள்ள தாண்டுபோகேல்லை."

நடந்தோம். பனிக்குள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி.

"வியாழன் வாங்கோ. நீங்கள் தமிழில சொல்லுங்கோ. நான் இங்கிலிசில குடுக்கிறன்."

"அண்ணை, உங்களுக்கு இங்கிலிஸ் தெரியாதே."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்னத்தைக் கண்டனியள்?"

20 பெப்ரவரி, வியாழன்

போகவில்லை. தொண்டை.

27 பெப்ரவரி, வியாழன்

போனேன். மூன்று பந்தி தயாரித்து வைத்திருந்தேன். தொடக்கம், திருப்பம், முடிவு, இடையில் மெல்லிய நகைச்சுவை. முதல் பந்தி நடுவிலேயே மற்ற இரண்டும் மறந்துபோயின. எது வந்ததோ அதைத் தமிழில் சொன்னேன். அண்ணை முழங்காலில் கைவைத்து, ஒரு தூதுவரைப் போல நிமிர்ந்திருந்து, என்னை ஆங்கில 'சேர்' ஆக்கி மொழிபெயர்த்தார்.

"ஸ்கூல். சில்ரன், ஸ்மோல். பூம். சேர் ரீடிங். பூம். சேர் ஸ்ரில் ரீடிங்." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். "நோபடி ரைற்றிங்."

திருத்துவதற்கு ஒரு சொல்லும் இருக்கவில்லை. வாழ்க்கை முழுவதும் பிறர் வசனங்களைச் சிவப்பு மையால் திருத்தியவன் நான்.

கண்ணில் இருந்து நீர் வந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நிறுத்த முயன்றேன், நிற்கவில்லை. ஜமேக்காக்காரர் கடதாசிப் பெட்டியை முழுதாகவே தூக்கி என் மடியில் வைத்தார்.

முடிவில் பேர்ணடெற் முதல் தடவையாக என்னிடமும் புள்ளி கேட்டாள். எட்டு என்றேன்.

"ஒன்பது போடுங்கோ, மிஸ்," என்றார் அண்ணை, தமிழிலேயே. "உவர் எப்பவும் குறைச்சுத்தான் சொல்லுவார்."

விதிப்படி, அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

1 மார்ச், சனி

யூஜினிக்குச் சொன்னேன். அதிபரின் அறையில் இருக்கவில்லை என்று தொடங்கினேன். குளம் நிரம்பிய இடத்தில் என்னால் தொடர முடியவில்லை.

"கொக்குகள் வந்தன, முற்றுப்புள்ளி," என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பத்து வருஷமா நித்திரையில சொல்லுறியள். நானும் எழுதாத குறைதான். அது என்ன கொக்கு எண்டுதான் எனக்கு விளங்கேல்லை. ஆரையும் பொம்பிளையை நினைச்சுச் சொல்லுறியளோ எண்டுகூட ஒருக்கா யோசிச்சனான்."

இரண்டு பேரும் சிரித்தோம். காவலர் ஏதோ நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார். அவளுடைய மூக்கு சிவந்திருந்தது.

போகும்போது சொன்னாள்: "பிள்ளைக்கும் சொல்லவேணும். கொக்கு வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம். நீங்கள் பயந்தனீங்கள் எண்டதை மட்டும் சொல்லுங்கோ. அது உங்கட பயம், தன்ர இல்லை எண்டு அவளுக்குத் தெரியட்டும்."

22 மார்ச், சனி

அன்ரனெற்றைக் கூட்டிவந்திருந்தாள். பயந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒலி காற்றில் எவ்வளவு வேகமாகப் பயணம் செய்கிறது என்பது பற்றி ஒரு சிறு விரிவுரை வந்தது. பிள்ளை இனிப்பு விற்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யூஜினி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் இயந்திரத்தைப் பார்த்திருக்கலாம்.

10 ஏப்ரல், வியாழன்

பயத்துக்குப் புள்ளி ஆறு. அண்ணை ஏழு என்று அடித்துச் சொன்னார். பேரம் பேசி ஆறரையில் முடித்தோம்.

28 ஏப்ரல், திங்கள்

விட்டார்கள். யூஜினி யாரிடமோ இரவல் வாங்கிய காரோடு வந்தாள். அஜக்ஸ் வீட்டில் எனக்கு முன்னறைச் சோபா. "ஒரு மாதம் பாப்பம்," என்றிருக்கிறாள். தவணைப் பரீட்சை. மேற்பார்வையாளருக்கு வயது ஒன்பது.

4 மே, ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு. அன்ரனெற் எனக்கு எதிரே இருந்து இறைச்சியை ஒதுக்கி உருளைக்கிழங்கை மட்டும் தேடிக்கொண்டிருந்தாள். குசினியில் யூஜினியின் கையில் இருந்து பெரிய சோற்றுப்பானை மூடி நழுவி, ஓட்டுத் தரையில் விழுந்து, சுழன்று சுழன்று அடித்தது.

அது ஓய்ந்தபோது நான் மேசைக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. அங்கிருந்து பார்த்தால் பிள்ளையின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை நிலத்தைத் தொட்டுவிட்டன. ஒரு பாதம் குளியலறைப் பக்கம் திரும்பியும் விட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். அதே முகம், தொட்டிக்குள் எனக்குக் கீழே கிடந்த முகம்.

ஒலியின் வேகம் பற்றிய வசனம் தயாராக வந்து நின்றது. அதைப் போகவிட்டேன்.

"அப்பா பயந்திட்டன்," என்றேன். "மூடிதான் விழுந்தது. எண்டாலும் பயந்திட்டன்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, பெரிய மனிசி போல:

"இட்ஸ் ஓக்கே, அப்பா. இட்ஸ் ஜஸ்ற் அம்மா."

"என்ன 'ஜஸ்ற் அம்மா'?" என்று குசினியில் இருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் இருந்து சாப்பிடுங்கோ."

கால்கள் இரண்டும் மேலே போய்க் கதிரைக் கம்பியில் ஏறிக்கொண்டன. உருளைக்கிழங்கு தேடும் கரண்டியின் சத்தம் மறுபடி கேட்டது. நான் இன்னும் கொஞ்ச நேரம் கீழேயே இருந்து, அதைக் கேட்டுவிட்டு எழும்பினேன்.