மூன்று வருஷம் கேட்ட ராசப்பன்

சேசு மரி சூசை துணை

மேலப்புதூர், திருச்சி
10-7-1978

அன்புள்ள தம்பி தைரியராஜுக்கு, அக்கா வியாகுலம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே என் மூட்டுவலியைத் தவிர எல்லோரும் சுகம். பிலாயில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே?

திருவெள்ளறை நிலத்தில் ஒரு விவகாரம். ஒருவனையே விட்டுவைத்தால் தாலுகா ஆபீசில் பேரைப் பதிந்துகொண்டு நகர மாட்டான் என்று, அப்பா காலத்திலிருந்தே ஆடிக்கு ஆடி குத்தகைக்காரனை மாற்றுகிறோம். போன ஆடியில் வந்த ராசப்பன் இன்னும் மூன்று வருஷம் கேட்கிறான். யூரியா போட்டுப் போட்டு மண் இறுகிவிட்டதாம். தழையும் சாணமும் போட்டுத் தேற்றப் போகிறானாம். முதல் வருஷம் நெல் குறையுமாம், மூன்றாம் வருஷம் வந்து பாருங்கள் என்கிறான். மூன்றாம் வருஷம் அங்கே யார் பேர் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

பக்கத்து வயல் சின்னையன் வீடு தேடி வந்து, ராசப்பன் வரப்பில் புங்கங்கன்று வைத்திருப்பதாகச் சொன்னான். உடனே பஸ் ஏறினேன். பதினொரு கன்று, தம்பி. வயல் முழுக்கக் கொழிஞ்சிச் செடி வேறு. எல்லாம் தழை உரத்துக்குத்தான் என்றான். ஒரு வருஷத்தில் போகிறவன் மரம் வைப்பானா? அவன் கண்ணெதிரே பதினொன்றையும் பிடுங்கிப் போட்டேன். பிடுங்கியதை அவனே பொறுக்கி ஓரமாகப் போட்டான். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆடி பிறந்ததும் சின்னையனுக்கு விடுகிறேன். அவன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே நிலத்தைக் கேட்டுவிட்டான். இந்த ரெண்டு ஏக்கர் பறிபோனால் எனக்குக் கஞ்சிக்கு வழியில்லை.

அக்கா வியாகுலம்மாள்

24-9-1978

அன்புள்ள தம்பிக்கு,

நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன்.

போகச் சொன்ன பிறகும் ராசப்பன் ஏர் பிடித்து வந்து, பூத்து நின்ற கொழிஞ்சியை மடக்கி உழுதுவிட்டுப் போயிருக்கிறான். போகிறவனுக்கு உழவு எதற்கு? பாத்தியதை காட்டத்தான் என்று நினைத்து, தாலுகா ஆபீசில் ஆள் விட்டு விசாரித்தேன். அவன் பேரில் ஒரு மனுகூட இல்லை.

போன வெள்ளிக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தான். தொட்டியத்தில் வாழைத்தார் வெட்டுகிற கூலி வேலையாம். நிலத்தைத்தான் கேட்பான் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். அவன் கேட்டதோ வேறு.

"கொழிஞ்சி மக்கிருச்சுங்களாம்மா? கால் வச்சா மண்ணு அமுங்குதுங்களா?"

எனக்கென்ன தெரியும் என்றேன். ஒரு தடவை செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்க்கச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான்.

மறுநாளே போனேன். யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு வயலில் இறங்கினேன். அமுங்கியது தம்பி. வரப்பைத் தாண்டிச் சின்னையன் வயலில் கால் வைத்தேன், கட்டி குத்தியது. அவன் நம் வயலுக்கும் யூரியா மூட்டைகளை இறக்கி வைத்திருந்தான். இந்தத் தடவை வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஒரு வருஷம்தானேம்மா என்று சிரித்தான். கன்று வைத்த சேதியைச் சொன்ன வாயாலேயே இவன் நிலத்தையும் கேட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பத்திரத்தில் உன் பேரும் இருக்கிறது. அடுத்த ஆடியிலிருந்து மூன்று வருஷத்துக்கு ராசப்பனுக்கே விட வேண்டும் என்று எனக்கு ஒரு கடிதம் எழுது. உன் சொந்த யோசனை மாதிரி இருக்கட்டும், நான் அவனிடம் காட்ட வேண்டும். பதிவு கிதிவு என்று போகக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்துவிடு.

வரப்பில் பதினொரு குழியும் அப்படியே கிடக்கின்றன. திரும்பவும் கன்று வைக்கச் சொல்லி அதையும் நீயே எழுது. பிடுங்கியது யார் என்று மட்டும் எழுத வேண்டாம். அவனுக்குத் தெரியும், இருந்தாலும் வேண்டாம்.

உன் குடும்பத்தை மாதா காப்பாற்றட்டும்.

அக்கா வியாகுலம்மாள்