சாக்கலேட்டு உருண்டையும் உன் கடுதாசியும்

சேசு மரி சூசை துணை

சாந்தோம்
8-1-1936

என் ஆசை மகன் சவரிமுத்துவுக்கு அம்மா அந்தோணியம்மாள் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் தங்கை ஜெசிந்தாவும் உயிரோடு இருக்கிறோம், அந்த நுவரெலியாக் குளிரில் நீ நெஞ்சுச் சளி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். எழுத்து கோழி கிளறினது போல இருக்கிறதே என்று பார்க்காதே, எப்போதும் நான் சொல்ல ஜெசிந்தா எழுதுவாள், இப்போது அவள் வலது கை மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கிடக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பாதியில் மடித்து வைக்காதே.

புருஷன் அடி தாங்காமல் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே அவள் இங்கே வந்துவிட்டது உனக்குத் தெரியும். நான் சமைக்கிற அடையாறு பங்களாவில் துரைசானி, திங்கட்கிழமை மூணு ராஜா திருநாளுக்கு அறுபது சாக்கலேட்டு உருண்டை கேட்டாள், பங்களா சூளை அடுப்பு மழையில் இடிந்துவிட்டதால் சுடாமல் செய்கிற பண்டம். ஜெசிந்தா செய்து காட்டினால் அவளையும் குசினி வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பெண்ணுக்கு முகம் மலர்ந்து ஒரு மாசம் ஆகியிருந்தது, அன்றைக்கு மலர்ந்தது. சனிக்கிழமை மத்தியானம் நம் வீட்டிலேயே மைதாவை வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து (பச்சை மாவு வயிற்றைப் பிடுங்கும்) வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் போட்டுப் பிசைந்து அவள் நெல்லிக்காய் அளவு உருட்ட, நான் கொதிக்கிற வெந்நீர்ச் சட்டி மேல் கிண்ணத்தை வைத்து, உருண்டையை முக்கி எடுக்கச் சாக்கலேட்டை உருக்கினேன். அப்போதுதான் அவள் புருஷன் லூர்துசாமி கதவை எட்டி உதைத்துக்கொண்டு வந்தான். நீ அவனுக்கு எழுதின கடுதாசியை என் மூஞ்சிக்கு நேரே ஆட்டி, உன் புள்ளையே எழுதிக்கீறான், இட்டுக்கினு போன்னு, நீ இன்னா குறுக்கே என்று கத்தினான். ஜெசிந்தா வரமாட்டேன் என்றாள், அவ்வளவுதான். கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள், விடமாட்டியா என்று மூலையில் இருந்த உலக்கையை எடுத்து அந்தக் கை மேலேயே போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது மகனே. எனக்குக் கண் மண் தெரியவில்லை, சாக்கலேட்டுக் கிண்ணத்தை இறக்கி வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, சட்டியோடு வெந்நீரைத் தூக்கி அவன் தொடையில் ஊற்றினேன். விழுந்து புரண்டவன் எழுந்து என் கழுத்தைப் பிடிக்க வந்தான், அதற்குள் பக்கத்து வீட்டு மீன்காரி தேசம்மா அரிவாள்மனையோடு நுழைந்து எந்த விரல் முதல்ல வேணும் என்று கேட்டாள், நொண்டிக்கொண்டே ஓடினான். தோல் உரிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன், மனஸ்தாபப்படு என்றார், அவள் எலும்பு சேரட்டும் சாமி, அப்புறம் படுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நீ எழுதுவாய். அந்த நாலு பேரும் சத்தம் கேட்டு வாசலில் நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள். உன் கடுதாசி இல்லாவிட்டால் அவனுக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது, உன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். அவன் அண்ணன் தம்பிகள் அவளை இழுத்துப் போக வரப்போகிறார்களாம். என் தங்கை இனி வரமாட்டாள், அம்மா வீட்டு வாசலில் கால் வைக்காதே என்று அவனுக்கு உன் கைப்பட எழுது. துரைசானி கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, எலும்பு சேர்ந்ததும் வேலைக்கு வா என்று சொல்லியிருக்கிறாள்.

கொழும்புக்குப் போகிற நூர் முஹம்மது பாயிடம் ஒரு டப்பா சாக்கலேட்டு உருண்டை கொடுத்து அனுப்பியிருக்கிறேன், வழியில் இளகியிருந்தால் குளிர்ந்த தண்ணீரில் டப்பாவை வை. குளிருக்குக் கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. மாதா உன்னைக் காக்கட்டும், உன் நெஞ்சையும் இளக்கட்டும். முதலில் அவனுக்கு எழுதித் தபாலில் போடு, அப்புறம் டப்பாவைத் திற. உருண்டை எல்லாம் கோணல் மாணலாக இருக்கும், மிச்ச மாவை ஞாயிற்றுக்கிழமை இடது கையால் உருட்டினாள். உனக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன், அவள்தான் அண்ணனுக்கு இனிப்புப் பிடிக்கும் என்றாள்.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற
அந்தோணியம்மாள்