காலை ஷிப்டுக்கு யார்?

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

சொல்வது நான், எழுதுவது என் மருமகள். உன் அக்கா நலம். ஆனால் நம் இருவருக்கும் நடுவில் கிடந்து அல்லாடுகிறாள்.

உன் சலவை ஆலையில் ஒரே மாதத்தில் ஏழு பேர் வேலையை விட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். முப்பத்தோரு வருஷம் வாசலில் நின்று, யாருக்கு எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்று வாயாலேயே சொன்னவன் நான். நாற்பத்தாறு பேர், ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. "எழுதப் படிக்கத் தெரியாதவரை நம்பி இனிமே ஓட்ட முடியாது அத்தான்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாய். கம்ப்யூட்டர் உள்ளே வந்தது, நான் வெளியே வந்தேன். இரண்டு வருஷமாகிறது.

சந்தோஷப்பட்டு எழுதவில்லை. மனசு கேட்கவில்லை.

உன் அத்தான்

மார்ச் 11

அன்புள்ள அத்தானுக்கு,

அன்று அப்படிப் பேசியது என் தப்பு. போனது ஏழு பேர் அல்ல, ஒன்பது. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறினால் குடும்பம் நடத்துவது எப்படி என்கிறார்கள். மாதக் கடைசிக்குள் துவைத்த படுக்கை விரிப்புகள் காலை ஏழு மணிக்குத் தவறாமல் வந்து சேராவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

யாருக்கு எது ஒத்துவரும் என்று உங்கள் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்

மார்ச் 15

அன்புள்ள மச்சானுக்கு,

மருமகளுக்குக் கை வலிக்கும்வரை சொன்னேன். நாற்பத்தாறு பேருடைய விவரமும் தனித்தாளில் இருக்கிறது. முக்கியமானது மட்டும் இங்கே. நெட்டை அக்காவுக்கு இடது தோள் வலி, மடிக்கும் மேஜையில் நிறுத்து. இஸ்திரி அம்மாவுக்கு எப்போதும் காலை ஷிப்ட்தான். மகள் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் இருக்கணும் என்று கண்கலங்கிக் கேட்டவள். அதில் மட்டும் கை வைக்காதே.

உன் அத்தான்

மார்ச் 23

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடியே போட்டேன். நெட்டை அக்கா உங்களை வாழ்த்தினாள். இஸ்திரி அம்மா மறுநாளே ராஜினாமா கடிதத்தோடு வந்து நின்றாள்.

"மக கல்யாணமாகிப் போயி ஆறு வருஷமாச்சு. காலையில வீட்டுக்காரரை சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போகணும். கம்ப்யூட்டர் வந்தப்புறம்தான் எனக்கு அப்பப்பவாவது மத்தியான ஷிப்ட் கிடைச்சுது. பெரியவர் அக்கறையா குடுத்தது, வேணாம்னு எப்படிச் சொல்றது?"

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, நீங்களும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினேன். காலை ஷிப்ட் கிடைக்காதா என்று ஐந்து பேர் காத்திருந்திருக்கிறார்கள். போனவர்களில் இரண்டு பேர் திரும்பிவிட்டார்கள். நான்கு நாளாக வண்டி ஏழுக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறது. இன்னும் பாதிப் பேரைக் கேட்க வேண்டும். என்னிடம் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும்.

உங்கள் மச்சான்

மார்ச் 27

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தை மருமகள் இரண்டு தடவை படித்தாள். இஸ்திரி அம்மா மகளின் பள்ளிக்கூடம் விடும் நேரம் மூன்றே கால், இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவள் கல்யாணத்துக்குப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். மறுநாளும் அம்மாவைக் காலை ஷிப்டில்தான் நிறுத்தினேன்.

திங்கட்கிழமை வருகிறேன். வாசலில் நிற்க மாட்டேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் போய்க் கேட்கிறேன். எழுதிக்கொள்ள நீயே கூட வா.

நான் வருவதை இஸ்திரி அம்மாவிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதே. மரியாதைக்காகக் காலை ஷிப்டே போதும் என்று சொல்லிவிடுவாள்.

உன் அத்தான்